உடையாத கண்ணாடி

"வா மாப்ள, வந்து உன் கண்ணாடியைப் பாரு."

செருப்பைக் கழற்றக்கூட நேரம் தராமல் அத்தான் என் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப் போனார். அக்கா அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். ஜன்னலின் மேல் மூலையில் கிளம்பி, சுவரில் சாய்வாக ஏறி, கூரையைத் தொட்டு நின்ற அந்த விரிசலுக்குக் குறுக்கே மூன்று அங்குலக் கண்ணாடித் துண்டு ஒன்று ஒட்டியிருந்தது. அதன் ஓரத்தில் கறுப்பு மையில் தேதி. ஏழு மாதத்துக்கு முந்தைய தேதி. அத்தான் அதை ஆள்காட்டி விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். "ஏழு மாசம் ஆச்சு. ஒரு கீறல் விழுந்திருக்கா பாரு. வீட்டுக்குள்ளயே ஒரு இன்ஜினியரை வச்சுக்கிட்டு நாம ஏன் கண்டவன்கிட்டயும் போய் நிக்கணும்?" என்றார். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீர் கொதிப்பதற்கு முன்பே தூளைப் போட்டாள்.

கண்ணாடி ஒட்டுவது எங்கள் தொழிலில் பழைய வித்தை. ஒரு விரிசல் எப்போதோ விட்டு நின்றுபோனதா, இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறதா என்று வெறும் கண்ணால் சொல்ல முடியாது. பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, செங்கல்லின் மேல், விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடி ஒன்றை இரண்டு முனையிலும் பசை வைத்து ஒட்டித் தேதி எழுதிவிட வேண்டும். கண்ணாடிக்கு வளைந்து கொடுக்கத் தெரியாது. சுவர் மயிரிழை நகர்ந்தாலும் உடைந்துவிடும். மாதம் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும் என்பது விதி. இதைவிட நல்ல கருவிகள் எத்தனையோ வந்துவிட்டன, என் பையிலும் இரண்டு இருக்கின்றன. ஆனாலும் வீட்டுக்காரர்களுக்குக் கண்ணாடியைக் காட்டினால்தான் புரிகிறது.

அன்றைக்கு ஒட்டியதோடு நான் வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். அக்கா மகளின் மாமனார், மாமியார் அன்று வந்திருந்தார்கள். மகளும் கைக்குழந்தையும் புதிதாக எடுத்த மாடியில்தான் இருக்கிறார்கள், மருமகனுக்கு வேலை வெளியூரில். பேத்தி தலைக்கு மேலே தூங்கிக்கொண்டிருக்கும்போது கீழே சுவர் வாயைப் பிளந்திருந்தால் யாருக்குத்தான் பயம் வராது? "ஆபத்து ஒண்ணும் இல்லையே, சார்?" என்று மாமனார் தயங்கித் தயங்கித்தான் கேட்டார். நான் கையை உதறிக்கொண்டு, "வெறும் பூச்சு விரிசல். மேல பாரம் ஏறினா பழைய சுவர் கொஞ்சம் முனகத்தான் செய்யும். இந்தக் கண்ணாடி உடைஞ்சா என் டிகிரியைக் கிழிச்சுக் குப்பையில போட்டுடறேன்" என்றேன். அத்தான் கூடத்துச் சுவரில் தொங்கிய என் பட்டமளிப்புப் போட்டோவைக் காட்டி, "கவலைப்படாதீங்க, ஜாமீன் அதோ தொங்குது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விட நான்தான் சத்தமாகச் சிரித்தேன்.

எனக்கு அன்றைக்கே தெரியும். பூச்சு விரிசல் சிலந்தி வலை மாதிரி தாறுமாறாக ஓடும். இது ஜன்னல் மூலையிலிருந்து ஒரே சாய்வாக ஏறியிருந்தது, மேலே போகப் போக அகலமாகியிருந்தது. கல்லூரியில் மூன்றாம் வருடப் பையனிடம் படத்தைக் காட்டினால்கூட, கட்டடத்தின் அந்த மூலை கீழே இறங்குகிறது என்று சொல்லிவிடுவான். அந்தக் கண்ணாடியை நான் ஒட்டியது சுவரைச் சோதிக்க அல்ல. எனக்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஏழு மாதம் இந்தப் பக்கமே வரவில்லை. அக்கா போன் செய்தபோதெல்லாம் வேலை, பயணம், ஜுரம் என்று கையில் கிடைத்ததையெல்லாம் காரணமாகச் சொன்னேன். இன்று அத்தான், "நீ வரலைன்னா நானே வண்டி எடுத்துட்டு வந்து தூக்கிட்டுப் போயிடுவேன்" என்று சொன்னதால்தான் வந்தேன். வரும் வழியெல்லாம், உடைந்த கண்ணாடியைப் பார்த்ததும் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்றுதான் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அது முழுசாக இருந்தது. தப்பித்தோம் என்று மனசு ஒரு குதி குதித்தது. போன் அடித்ததும் அத்தான் கூடத்துக்குப் போய்விட்டார். நான் அந்தக் கண்ணாடியை ஆசையாகத் தடவிப் பார்த்தேன். பரீட்சையில் தேறிய பிள்ளையின் தலையைத் தடவுவதைப் போலத்தான் தடவினேன். சுருக்கென்றது. விரல் நுனியில் ரத்தம் முத்துக்கட்டி நின்றது.

நான் ஒட்டும் கண்ணாடி கையைக் கிழிக்காது. அவை ஆய்வுக்கூடங்களில் பயன்படுத்தும் சில்லுகள், விளிம்பு தேய்த்து வழவழப்பாக இருக்கும். பெட்டி பெட்டியாக வாங்கி வைத்திருக்கிறேன். இது கடையில் வைரக் கத்தியால் அறுத்த சாதாரணக் கண்ணாடி. குனிந்து பார்த்தேன். பசையைச் சுற்றிப் பழைய பசையைச் சுரண்டிய தடம் இருந்தது. ஒரு தடவை சுரண்டிய தடம் அல்ல. தேதியைப் பார்த்தேன். என் கையெழுத்துதான், என் எண்கள்தான், கோணல் முதற்கொண்டு. ஆனால் நான் எழுதியது அல்ல.

இந்த உலகத்தில் என் கையெழுத்தை இத்தனை அச்சாக எழுதக்கூடிய ஆள் ஒருவர்தான். பள்ளிக்கூடத்தில் நான் கணக்கில் கோட்டை விட்டபோதெல்லாம் அப்பாவின் கையெழுத்தை மார்க் அட்டையில் போட்டுக் கொடுத்து என் முதுகைக் காப்பாற்றியவள் அக்கா. ஏழாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை என் அப்பா அவள்தான். ஒருமுறை அப்பா தானே நிஜமாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பியதை, இது போலி என்று வாத்தியார் திருப்பி அனுப்பிவிட்டார். அந்தக் கதையை இப்போதும் நாங்கள் சொல்லிச் சிரிப்போம்.

"அக்கா" என்றேன்.

அவள் டீயை வடிகட்டிக்கொண்டிருந்தாள். என் விரலைப் பார்த்தாள். பிறகு குழாயைத் திறந்து என் கையைப் பிடித்து நீட்டினாள். தண்ணீர் சத்தத்துக்குள் மெதுவாகக் கேட்டாள்.

"கண்டுபிடிச்சுட்டியா?"

"எத்தனை தடவைக்கா?"

அவள் கூடத்துப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அலமாரியின் மேல்தட்டில் பருப்பு டப்பாக்களுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவி ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்தாள். உள்ளே நான்கு பொட்டலங்கள். ஒவ்வொன்றும் தினசரிக் காலண்டரில் கிழித்த தாளில் மடித்தது. உடைந்த அன்றைக்கு உண்டான தாளிலேயே மடித்திருந்தாள். பிரித்தேன். முதலாவது என்னுடைய சில்லு, நடுவில் நேராக இரண்டாக உடைந்திருந்தது. மற்ற மூன்றும் கடையில் அறுத்த கண்ணாடி. நான் இத்தனை வருடத்தில் பார்த்த எந்தச் சைட் இன்ஜினியரும் இவ்வளவு ஒழுங்காகப் பதிவு வைத்ததில்லை.

தேதிகளை மேடையில் வரிசையாக வைத்தேன். மனசு தானாகக் கழித்துக்கொண்டே போனது. நான் ஒட்டிய கண்ணாடி எண்பது நாள் தாங்கியிருந்தது. அடுத்தது அறுபது. அடுத்தது முப்பத்தெட்டு. அதற்கடுத்தது இருபத்தொன்று. இப்போது சுவரில் இருப்பதற்குப் பதினோரு நாள் வயது. விரல் நுனியின் எரிச்சல் நின்றுவிட்டது. மூலை இறங்குவது நிற்கவில்லை. வேகமாகிக்கொண்டிருந்தது.

"ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?"

"எத்தனை தடவை போன் பண்ணேன்? வா, வான்னு கூப்பிட்டேன். நீதான் வரல."

"போன்லயே சொல்லியிருக்கலாமே."

"என்னன்னுடா சொல்றது? உன் டிகிரி உடைஞ்சுபோச்சுன்னா?" அவள் குழாயை மூடினாள். "அவர் உன்னைப் பத்திப் பேசாத நாள் கிடையாது. கல்யாணம் ஆன புதுசுல, உன் தம்பி இத்தனை படிச்சு யாருக்கு என்ன பிரயோஜனம்னு கேட்ட மனுஷன் அவர். இப்ப ஊரெல்லாம் உன் பேரைச் சொல்லிட்டுத் திரியறார். அவர் முன்னாடி நீ தலையைத் தொங்கப் போட்டுட்டு நிக்கறதை என்னால பார்க்க முடியாது. நீ வந்ததும் உனக்கு மட்டும் காட்டிக்கலாம்னுதான் எடுத்து வச்சேன்."

"பயமா இல்லையா உனக்கு?"

"இல்லாம? மாடியில இந்த மூலைக்கு மேல இருந்த தொட்டிலை நகர்த்தச் சொன்னேன். காத்து அடிக்குது, சளி பிடிக்கும்னு சொன்னேன். நகர்த்திட்டா." கண்ணாடிப் பொட்டலங்களை மறுபடி மடிக்கத் தொடங்கினாள். "அடுத்தது உடைஞ்சா என்ன பண்றதுன்னுதான் தெரியல. இதுதான் கடைசித் துண்டு."

கண்ணாடி எங்கே வாங்கினாள் என்று நான் கேட்கவில்லை. சமையலறை வாசலிலிருந்து பார்த்தால் கூடத்துச் சுவர் தெரிகிறது. உள்ளே நுழையும்போதே கவனித்திருக்க வேண்டும். போட்டோவில் என் முகம் ஒரு மாதிரி மங்கலாக இருந்தது, கறுப்பு அங்கியின் தோளில் தூசி படிந்திருந்தது. சட்டத்துக்குள் படம் மட்டும்தான் இருந்தது, அதன் மேல் கண்ணாடி இல்லை.

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. என்னிடம் வரும் வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்க நானே ஒரு தாள் அச்சடித்து வைத்திருக்கிறேன். "மேலே மாடி கட்டும் முன்" என்று தலைப்பு. பன்னிரண்டு யோசனைகள். முதல் யோசனை: அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்க்காமல், இந்த வீடு இன்னொரு மாடியைத் தாங்கும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். யார் சொன்னாலும் என்பதற்கு அடியில் கோடு வேறு போட்டிருக்கிறேன். ஒரு தூணுக்குப் பக்கத்தில் குழி எடுத்து, அடியில் எவ்வளவு அகலத்துக்குக் கான்கிரீட் போட்டிருக்கிறார்கள், என்ன மண்ணில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க அரை நாள் வேலை. முன்பின் தெரியாத எத்தனையோ பேருடைய வீட்டில் நான் பிடிவாதமாகக் குழி எடுத்திருக்கிறேன், தரை போகிறதே என்று அவர்கள் அழுதாலும் விடமாட்டேன்.

இந்த வீட்டில் எடுக்கவில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, தூண்களை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே சுற்றி வந்தேன். அத்தான் பின்னாலேயே பணிவாக வந்தார், அந்தப் பணிவு எனக்கு இனித்தது. அதற்கு முன் அவர் என் பின்னால் நடந்ததே இல்லை. வீட்டைக் கட்டின மேஸ்திரியும் அன்று வந்திருந்தார். "சமையல்கட்டு மூலையில மட்டும் ஒரு குழி எடுத்துப் பாத்துடுங்க சார். அங்க ஒரு பழைய பள்ளத்தை மூடித்தான் கட்டினோம், மண்ணு இளக்கம்" என்றார். புதிதாகப் பதித்த தரையை உடைக்க வேண்டும், அக்கா முகம் சுருங்கும், சாயங்காலம் நான் ஊர் திரும்பவேண்டும். "மேஸ்திரி, நீங்க கரண்டியைப் பாத்துக்கங்க, மண்ணை நான் பாத்துக்கறேன்" என்றேன். அவர் சிரித்துவிட்டார், பாவம். அத்தானும் சிரித்தார். "தாராளமா கட்டலாம் அத்தான்" என்று சொல்லிவிட்டு, டீ குடித்துவிட்டு, பஸ் ஏறிவிட்டேன். ஊருக்குத்தான் உபதேசம்.

"டேய்" என்று அக்கா என் சட்டையைப் பிடித்தாள். "ஏதாவது வேற காரணம் சொல்லி சரி பண்ணிடு. புதுசா ஏதோ சட்டம் வந்திருக்கு, முன்னெச்சரிக்கைக்கு முட்டுக் குடுக்கணும், அப்படி ஏதாவது. உனக்குச் சொல்லவா தெரியாது? அவர் நம்பிடுவார். நீ என்ன சொன்னாலும் நம்புவார்."

உண்மையைச் சொல்கிறேன், நான் அதை அவள் சொல்வதற்கு முன்பே யோசித்து முடித்திருந்தேன். வாக்கியங்கள்கூடத் தயாராக இருந்தன. "அத்தான், கண்ணாடி பிரமாதமா இருக்கு. இருந்தாலும் புது விதிமுறைப்படி..." அவர் தலையாட்டுவார். இரும்பு முட்டு வரும், மூலையைத் தோண்டி அடியில் கான்கிரீட் போட்டு அகலப்படுத்தலாம், எல்லாம் முன்னெச்சரிக்கை என்ற பெயரிலேயே நடந்துவிடும். என் மானமும் பிழைக்கும். நிஜத்தைச் சொன்னால் நான் மட்டும் குனிந்து நிற்பதில்லை. கட்டின புருஷன் கண்ணில் நாலு மாதமாக மண்ணைத் தூவியவள் என்று அக்காவையும் சேர்த்து நிறுத்த வேண்டியிருக்கும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க இதைவிட நல்ல காரணம் எவனுக்குக் கிடைக்கும்?

ஆனால் முன்னெச்சரிக்கை என்று சொன்னால் அவர் மெதுவாகத்தான் செய்வார். அடுத்த மாசம் பார்த்துக்கலாம் என்பார். மகளை இன்றைக்கே கீழே இறக்கமாட்டார்.

"மாப்ள, இங்க வா!" கூடத்திலிருந்து அத்தான் கூப்பிட்டார். டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டுதான் போனேன். அக்கா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அத்தான் போனை என் காதில் வைத்தார். "என் கூட வேலை பாத்தவர். அவர் வீட்டு மேல மாடி எடுக்கணுமாம். யாரோ குழி தோண்டணும், அந்த டெஸ்ட் இந்த டெஸ்ட்னு பயமுறுத்தறாங்களாம். என் மச்சினன் தட்டிப் பாத்தே சொல்லிடுவான்னு சொல்லிட்டிருந்தேன். நீயே சொல்லிடு."

"சார், வணக்கம் சார்" என்றது அந்தப் பக்கம். வயதான, நம்பிக்கையான குரல். "உங்களைப் பத்தி நிறைய சொல்வார் சார். எங்க வீடு நல்ல பலமான வீடுதான். நீங்க ஒரு நாள் சாப்பிட வந்தாப்புல வந்து ஒரு பார்வை பாத்துட்டீங்கன்னா..."

"தோண்டிப் பாருங்க சார்" என்றேன். "தோண்டாம யார் சொன்னாலும் நம்பாதீங்க. நான் வந்து சொன்னாலும் நம்பாதீங்க."

அந்தப் பக்கம் அவர் சிரித்தார். நான் வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. போனைத் திருப்பிக் கொடுத்தேன். அத்தான் அவரிடம் பிறகு பேசுவதாகச் சொல்லி வைத்தார். முகத்தில் சிரிப்பு பாதி மிச்சமிருந்தது.

"என்ன மாப்ள, அவர்கிட்ட போய் அப்படிச் சொல்லிட்டே. நம்ம வீட்டுக்கு நீ தோண்டலையே."

"தோண்டல அத்தான்."

"தோண்டாமலே உனக்குத்தான் தெரியுமே."

"தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொன்னேன்." மேஜையில் டப்பாவை வைத்துத் திறந்தேன். "மேஸ்திரி சொன்னது சரி. மூலை இறங்குது. கண்ணாடி நாலு தடவை உடைஞ்சிருக்கு. அன்னிக்கு நான் ஒட்டும்போதே எனக்குத் தெரியும். எல்லார் முன்னாடியும் பொய் சொன்னேன். நான்தான் அத்தான், எல்லாம் நான்தான். அக்காவை ஒண்ணும் சொல்லாதீங்க."

அவர் உட்கார்ந்தார். ஒரு பொட்டலத்தைப் பிரித்து, உடைந்த இரண்டு பாதிகளையும் எடுத்து ஒன்றோடொன்று சேர்த்து வைத்துப் பார்த்தார். தாளில் இருந்த தேதியைப் படித்தார். பிறகு கண்ணாடியில் இருந்த தேதியைப் படித்தார். நிமிர்ந்து சுவரிலிருந்த போட்டோவை வெகுநேரம் பார்த்தார். அக்காவைத்தான் கடைசியாகப் பார்த்தார். அவள் முந்தானை நுனியால் உலர்ந்த டம்ளரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கத்துவார் என்று நினைத்தேன். கத்தட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

"விடு மாப்ள" என்றார் அவர். "யானைக்கும் அடி சறுக்கும்."

ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். யானை நடக்கும்போது சறுக்கும். நான் நடக்கவே இல்லை, உட்கார்ந்த இடத்திலிருந்து வழிகாட்டினேன். அதைச் சொல்ல வாயெடுத்தபோது மேலே காலடிச் சத்தம் கேட்டது. அக்கா மகள் எழுந்துவிட்டாள் போல. குழந்தை சிணுங்கியது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு தட்டியபடி நடக்கிறாள் என்பது காலடியின் நிதானத்திலேயே தெரிந்தது. கூடத்துக்கு மேலே இரண்டு சுற்று. பிறகு அந்தக் காலடி மெல்ல நகர்ந்து சமையலறைப் பக்கம் போனது. அந்த மூலையில்தான் ஜன்னல் இருக்கிறது, குழந்தைக்கு வேடிக்கை காட்டப் போகிறாள். நாங்கள் மூன்று பேரும் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அக்காவின் உதடு அசைந்தது, காலடிகளை எண்ணுகிறாள் என்று நினைத்தேன்.

"எல்லாரும் வெளிய போயிடணும் அத்தான். இப்பவே" என்றேன்.

அவர் எழுந்து மாடிப்படிக்குக் கீழே போனார். கைப்பிடியில் கையை வைக்கப் போனவர், வைக்காமல் எடுத்துக்கொண்டார்.

"பாப்பாவைத் தூக்கிட்டுக் கீழ வாம்மா."

"என்னப்பா? இப்பதான் தூங்கப் போறா."

"ஒண்ணுமில்லம்மா" என்றார் அத்தான். மூன்று வருடமாக நான் அந்த வீட்டில் சொல்லிக்கொண்டிருந்த வார்த்தை. "ஒண்ணுமில்ல. மெதுவா வா."

மூலையில் காலடி நின்றது. பிறகு திரும்பியது. தலைக்கு மேலே ஒவ்வோர் அடியாகக் கூடத்தைக் கடந்து வந்தது. மேல்படியில் அவளுடைய ஒரு பாதம் தெரிந்தது, அதற்கு மேலே, குழந்தையின் சின்னக் குதிகால் ஒன்று காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.